பன்னிரண்டு ஆண் தவளைகள்

ஆண் தவளை மெலிந்திருக்கும், பெண் தவளை தடித்திருக்கும். இதை நான் மூன்று வருஷம் கல்லூரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் தவளையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் விலங்கியல் துறையில் அந்தப் பழக்கம் கிடையாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகத்துப் பேப்பரில் எல்லாம் வந்தது. நான் சொல்வது அதற்கு இரண்டு மாதம் முந்தின கதை. எங்கள் ஊர்ச் சுவரொட்டியில்கூட வரவில்லை. பென்னலூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தனியார் கல்லூரி. பாதிக் கட்டடம் தளம் போட்டது, மீதி சிமென்ட் ஷீட்டு. அந்த ஷீட்டுக்குக் கீழேதான் விலங்கியல் லேப். நான் அங்கே தற்காலிக அட்டெண்டர். எட்டாவது பெயில். ஆனால் பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும் பிராக்டிகல் நோட்டுகளை ஒன்று விடாமல் படிப்பேன். அதனால் கரப்பான் பூச்சிக்கு எத்தனை இதய அறை என்று யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். யாரும் கேட்டதில்லை.

தவளை பிடிப்பதும் என் வேலைதான். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும் கால்வாய்ச் சேற்றில் இறங்கித் துழாவினால் காலை எட்டு மணிக்குள் ஒரு சாக்கு தேறும். சாக்கோடு சைக்கிளில் திரும்பும் வழியில் டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு என்னைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"வந்துட்டாருப்பா மாமியார் வூட்டுல இருந்து. இன்னா இன்னிக்கு சீரு வரிசைல்லாம் குதிக்குது?"

"டீ போடுக்கா."

"போடறேன். கிளாஸை மட்டும் நீயே எடுத்துக்க. உங்கையப் பாத்தா எனுக்கு குடுக்கத் தோணல."

அந்த அம்மா சொன்னதை எல்லாம் அப்போதே எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு நான் இதைவிட நல்ல புத்தகம் எழுதியிருப்பேன்.

ஆண் பெண் பிரிக்கும் வித்தையை நான் மழைக்காலத்தில் கற்றுக்கொண்டேன். மழை விட்டதும் பள்ளத்துத் தண்ணீரில் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். கீழே இருப்பது பெரிது, மேலே தொற்றிக்கொண்டிருப்பது சிறிது. சரி, கீழே இருப்பவள் பெண், மேலே இருப்பவன் ஆண். பெரிது பெண், சிறிது ஆண். முடிந்தது பாடம். சின்ன வயசுப் பெண் தவளையும் சிறிதாகத்தானே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு விஷயத்தைத் தானே கண்டுபிடித்தவனுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றாது.

எங்கள் விரிவுரையாளருக்கு வேறு விதி. அது புத்தகத்து விதி, சரியான விதியும்கூட. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கருநீலமாகச் சுருங்கின தோல் இருந்தால் ஆண். அது கத்துவதற்கான பை. முன்னங்கால் முதல் விரலில் மேடு தட்டியிருந்தாலும் ஆண். இதை அவர் கரும்பலகையில் வரைந்தால் தவளை பலகையை விட்டுக் குதித்துவிடும்போல இருக்கும். தவளையைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினவர். ஆனால் அது பாட்டிலில் ஊறின தவளை. உயிரோடு ஒன்று தரையில் இறங்கிவிட்டால் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "பிடிப்பா, பிடிப்பா, மாணவர்கள் மிதிச்சிடப் போறாங்க" என்பார். மாணவர்கள்மேல் அவ்வளவு அக்கறை.

அந்த மார்ச் மாதம் பல்கலைக்கழக பிராக்டிகல் தேர்வு. கேள்வி என்ன வரும் என்று ரகசியம். அந்த ரகசியம் துறையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் பாதித் தேர்வு. காலை பேட்ச் பன்னிரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: ஆண் தவளையின் சிறுநீர், இனப்பெருக்க மண்டலத்தை அறுத்துக் காட்டுக. மத்தியான பேட்ச்சுக்கு உணவுக் குழல். அதற்கு எந்தத் தவளையானாலும் சரி. ஆகவே தேர்வன்று காலை மெலிந்த பன்னிரண்டைப் பொறுக்கி வாளியில் போட்டேன். தடித்ததெல்லாம் மண்பானைக்குப் போயிற்று.

காலை பேட்ச் பன்னிரண்டு பேரில் ஒரு பெண், மணிமங்கலத்துப் பெண். போன வருஷமே முடித்திருக்க வேண்டியவள். பிராக்டிகல் அன்றைக்கு மஞ்சள் காமாலையில் கிடந்தாள். மற்றதெல்லாம் பாஸ், இது ஒன்றுதான் பாக்கி. ஒரகடம் போகிற ரோட்டில் ஊசி மருந்து கம்பெனி ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. அதில் லேபில் வேலைக்கு அவளைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். சர்டிபிகேட்டோடு வரச் சொல்லி. அவள் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை பாஸ் பண்ணினால் கம்பெனி, இல்லாவிட்டால் மாமன் மகன். அந்த மாமன் மகனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு மாமன் மகனாக இருப்பதுதான் வேலை.

தேர்வுக்கு முதல் நாள் நான் மெழுகுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணே, எனுக்கு நல்லதா பாத்து போடுண்ணே."

"கவலயே படாத. உனுக்குன்னே ஒண்ணு எடுத்து வெக்கிறேன். பாரு, ஆம்பளன்னா ஆம்பள, சுத்த ஆம்பள."

மறுநாள் காலை அந்தப் பன்னிரண்டிலேயே மெலிந்த ஒன்றைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, மேலே துணி கட்டி வைத்தேன். என் வாக்கு சுத்தம்.

விரிவுரையாளர் வந்தார். வாளியிலிருந்து இரண்டு கஜம் தள்ளி நின்றுகொண்டார்.

"பன்னெண்டும் ஆண்தானே?"

"ஆண்தான் சார்."

"தாடைக்குக் கீழ பை இருக்கான்னு பாத்தியா?"

"நீங்க ஒரு வாட்டி பாத்துருங்க சார்" என்று வாளியை நீட்டினேன்.

"நான்தான் நேத்தே பாத்துட்டேனே" என்றார். தவளைகள் கால்வாயை விட்டு வந்தே ஒரு மணி நேரம் ஆகவில்லை.

அவர் கவலை எல்லாம் வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் சாப்பாட்டைப் பற்றித்தான். தேர்வாளர் சாப்பாட்டில் குறை வைத்தால் மார்க்கில் குறை வைப்பார் என்பது எல்லாத் துறைக்கும் தெரிந்த விஞ்ஞானம். ஆகவே வஞ்சிர மீனா வவ்வால் மீனா என்று இரண்டு நாளாக ஆலோசனை நடந்தது. வந்த வஞ்சிரம் புதுசுதானா என்று செவுளைப் பிளந்து பார்த்தது யார் தெரியுமா? நம்முடைய விரிவுரையாளரேதான். அதைக் கையால் தொட்டார்.

தேர்வாளர் வந்தார். உயரமான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் சிவப்பு மசிப் பேனா. நான் தவளைகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, குளோரோபார்ம் பஞ்சு வைத்து மூடி, அசைவு நின்றதும் ஆளுக்கொரு தட்டில் வைத்தேன். மணிமங்கலத்துப் பெண்ணுக்கு அந்த டப்பாத் தவளை. கண்ணைக் காட்டினேன், அவளும் சிரித்தாள். எனக்கு அப்போது இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

தேர்வில் ஒரு முறை உண்டு. வயிற்றைத் திறந்து, குடலை ஒதுக்கி, குண்டூசியில் துண்டுக் காகிதம் ஒட்டி, அதில் உறுப்பின் பெயரை எழுதி, அந்த உறுப்பின்மேல் குத்தி வைக்க வேண்டும். நாங்கள் கொடி என்போம். பிறகு பார்த்ததைப் படமாக வரைய வேண்டும். இந்தக் கொடிகளைப் பிள்ளைகள் முதல் நாளே வீட்டில் எழுதி, பிளேடு உறையில் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். படம் வரைந்து வரைந்து கை பழகியிருக்கும். ஆகத் தவளையைத் திறக்கும்போது எல்லாமே முடிந்திருக்கும். தவளை ஒன்றுதான் பாக்கி.

பதினொன்றரை மணிக்குள் லேபில் கொடிகள் ஏறிவிட்டன. மீனாட்சி கல்யாணத்துக்குத் தோரணம் கட்டின மாதிரி இருந்தது. தேர்வாளர் தட்டுத் தட்டாக வந்து, கொடியைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மார்க்கை மசியில் எழுதிக்கொண்டே போனார். மீன் வறுக்கும் வாசனை வேறு ஜன்னலில் வந்துகொண்டிருந்தது. கடைசி மேசையில் அந்தப் பெண். கையில் விந்தகம் என்று எழுதின கொடி. அதை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள்.

"என்னம்மா, இன்னும் கொடி குத்தலியா?"

"குத்த எடமில்ல சார்."

பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். விரிவுரையாளர் ஓடி வந்தார்.

"என்ன பேசற? எல்லாருக்கும் இருக்கிற எடம்தான் உனக்கும். சிறுநீரகத்துக்குப் பக்கத்துல பாரு. மஞ்சளா, அவரை விதை மாதிரி ரெண்டு."

"இல்ல சார். முட்ட கீது. இது பொண்ணு சார்."

தேர்வாளர் குனியவில்லை. கேள்வித்தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"ஆண் தவளைன்னு சார்."

"அப்ப ஆண் தவளையைக் காட்டு."

"இதுல எப்டி சார் காட்டறது?"

"எதிர்த்துப் பேசாதம்மா" என்றார் விரிவுரையாளர். "படம் தெரியும்ல? படத்தையாவது போடு. படத்துக்குக் கொஞ்சம் மார்க் வரும்."

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். முட்டைப் பையையும் முட்டைக் குழாயையும், எதிரே கிடந்ததை அப்படியே, அழகாக வரைந்து வைத்திருந்தாள். தேர்வாளர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேட்ட கேள்விக்குப் பதில் இல்லியே! முட்டை இருக்கு, குஞ்சு இருக்குன்னு வந்து நின்னா நான் எதுக்கு மார்க் போடறது? இங்க வந்து பாரு." அவளை முதல் மேசைக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்தவன் துறையிலேயே முதல் மாணவன், எப்போதும் தலை வாரிப் பளபளப்பாக இருப்பான். "இதான் டிஸ்செக்‌ஷன். எவ்ளோ சுத்தமா காட்டியிருக்கான் பாரு!"

நானும் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. கசகசாவை அள்ளிக் கொட்டின மாதிரி முட்டைக் குவியல், அதன் உச்சியில் விந்தகம் என்ற கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வாளியில் போட்ட மெலிந்தவர்களில் மெலிந்தவளும் உண்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் என் வேலை போகும். நான் தற்காலிகம், ஒரு வார்த்தை போதும். திறக்காவிட்டால் அந்தப் பெண் மாமன் மகனுக்குச் சோறு பொங்கப் போவாள். நான் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. இரண்டு நிமிஷம் நன்றாக யோசித்தேன், வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வைகூட இல்லை. டப்பாவில் துணி கட்டி வைத்துக் கொடுத்தியே அண்ணே என்கிற பார்வை.

"சார், அதுலயும் முட்டதான் சார் கீது" என்றேன்.

வெளியே மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் தடவையாகத் தட்டுக்குள் குனிந்தார். அப்புறம் அடுத்த தட்டு. அப்புறம் அடுத்தது. பன்னிரண்டில் ஐந்து பெண் தவளை. மணிமங்கலத்துப் பெண்ணின் தட்டை விட்டால் மீதி நாலு. நாலிலும் முட்டைமேல் கொடி, நாலு தாளிலும் ஆண் மண்டலத்தின் படம், நாலு பேருக்கும் சிவப்பு மசியில் முக்கால்வாசிக்கு மேல் மார்க்.

"யாருய்யா பொறுக்கினது இதெல்லாம்?"

"நான்தான் சார்."

"நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார் விரிவுரையாளர்.

தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் தாளையே பார்த்தார். மசி. அடித்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பார்க்காமல் மார்க் போட்டேன் என்று எழுத வேண்டும். ரொம்ப நேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்டு நான் இன்றைக்கும் அசந்து போகிறேன்.

"போட்டது போட்டதுதான். அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணுக்குத்தான் இன்னும் மார்க் போடல. இவ திரும்பப் பண்ணட்டும். நான் சாப்பிட்டுட்டு வரதுக்குள்ள முடிக்கணும்."

ஆக, பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன ஒருத்தி மட்டும் மறுபடி அறுக்க வேண்டும். இரண்டு பேரும் மீன் சாப்பிடப் போனார்கள்.

வாளி காலி. மண்பானையில் நான் பெண் என்று தள்ளி வைத்த தடியர்கள்தான் மிச்சம். நான் பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தாடையைப் பார்த்தேன். கோடைத் தவளை. சேறு காய்ந்து தோல் முழுக்க ஒரே சாம்பல். கருநீலமும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. விரலில் மேடு இருக்கிறதா என்று தடவினால் எனக்கே மேடு தட்டின விரல், என்ன தெரியும்?

"தள்ளுண்ணே" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தவளையை எடுத்தாள். முன்னங்கால் இரண்டுக்கும் பின்னால், கக்கத்தில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து மெல்ல ஒரு அமுக்கு. அது பேசாமல் இருந்தது. உள்ளே விட்டாள்.

"இன்னா பண்ற?"

"ஆம்பளய வேற ஒரு ஆம்பள தப்பா வந்து கட்டிக்கினா கத்தும்ணே. நான் ஆம்பளடா, என்ன விட்றான்னு. பொம்பளன்னா கம்முனு கெடக்கும். எங்க கயனி வரப்புல சின்னப் புள்ளைங்களுக்கே தெரியுமே."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட? மயக்கம் போட்டு தட்டுல இல்ல வெச்ச. மயக்கத்துல எது கத்தும்?"

இரண்டாவதும் கத்தவில்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவது, பானையிலேயே குண்டன், நான் பார்த்ததும் பொம்பளை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். அதை அமுக்கினாள். சிமென்ட் ஷீட்டு அதிரக் கத்தினான். 'க்ர்ரக்' என்று ஒரு கத்தல், விடாமல் இன்னொன்று. தலை வாரின முதல் மாணவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். பாவம், தான் ஆண் என்று இந்த லேபில் ஆதாரத்தோடு நிரூபித்தவன் அந்தக் குண்டுத் தவளை ஒருத்தன்தான். அதற்கான பரிசு ஜாடியும் குளோரோபார்மும்.

அவள் நாற்பது நிமிஷத்தில் முடித்தாள். மஞ்சள் விதைகள் இரண்டும் கொழுப்புக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தன. கொடி குத்தினாள், படம் வரைந்தாள். தேர்வாளர் கை துடைத்துக்கொண்டே வந்து, இந்தத் தடவை குனிந்து பார்த்தார். பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"இவ்ளோ பெருசா இருக்கே, இது ஆணுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கேட்டேன் சார். அதுவே சொல்லிச்சு."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பாஸ் மார்க்குக்கு மேல் ஒரே ஒரு மார்க் போட்டார். காலைத் தேர்வு நேரத்துக்குள் முடிக்கவில்லையாம்.

எல்லாரும் போனதும் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதல் மாணவன் தன் குண்டூசிகளை வாங்கிக்கொள்ள வந்தான். கொஞ்சம் தயங்கினான்.

"அண்ணே, அது நெஜமாவே பொண்ணா?"

"ஆமாம்பா."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா கேள்வில ஆணுன்னு இருந்துச்சே" என்று நல்ல பிள்ளையாகப் போனான். பிற்காலத்தில் பெரிய உத்தியோகத்துக்குப் போனான் என்று கேள்வி. போகாவிட்டால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

என் வேலை அந்த மாதக் கடைசியோடு போயிற்று. அதே ரோட்டில் டயர் கடை, பிறகு கம்பெனி ஒன்றில் கேட் வாட்ச்மேன், பிறகு இன்னொன்றில் ஸ்டோர்ஸ் என்று வாழ்க்கை ஓடியது. அதில் குறை ஒன்றும் இல்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கு அந்தப் பெண் டீக்கடைக்கே தேடி வந்தாள். பாஸ். கூடவே அவள் அப்பாவும் வந்திருந்தார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

"ஒரு மார்க்குதாண்ணே கூட" என்றாள்.

"அந்த ஆளு வஞ்சிரத்துல முள்ளு மாட்டி செத்திருக்கணும்" என்றேன்.

"வுடுண்ணே. கம்பெனில இன்னா மார்க்கயா அறுத்துப் பாக்கப் போறான்?"

அவள் அப்பா நடுவில் புகுந்து, "மவளே, மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு, கேட்டுக்க. மணிமங்கலத்துலருந்து அந்தப் பக்கம் ரெண்டே பஸ்ஸுதான் போவுது" என்றார். கடைக்கார அம்மா தனக்கும் சேர்த்து நான்கு டீ போட்டார். என் கிளாஸை அன்றைக்கு அவரே எடுத்துக் கையில் கொடுத்தார்.